மணமேடையில் ஒரு ஏணி

ஏணியைத் தெரிவு செய்தது நிரோஷினிதான். அதில் வேறு யாருக்கும் பங்கில்லை. மாக்கஸ் மட்டும் ஒரு தடவை, கராஜுக்குள் தங்கநிறப் பூச்சு மணத்தில் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "உதின்ரை கருத்து என்னெண்டு ஆரையும் கேட்டனியோ?" என்றான்.

"ஏணிக்கு என்னப்பா கருத்து? ஏறுறதுதான். புதுசாக் கலியாணம் கட்டுறதுகள் மேலை மேலை போகட்டுமன்."

அவள் அதைச் சொன்ன விதத்தில் அவனும் நம்பிவிட்டான்.

மணமேடை அலங்காரம்தான் நிரோஷினியின் தொழில். ரொறன்ரோவுக்கு வெளியே பிக்கரிங்கில் வீடு வாங்கிய நாளிலிருந்து அந்தக் கராஜுக்குள் ஒரு கார் நின்றதில்லை. துணிச்சுருள்கள், ஃபோம் பலகைகள், பிளாஸ்ரிக் பூக்கள், ஒரு பெண் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்குச் செய்த இறக்கை உடைந்த மயில் என்று அது நிரம்பிக் கிடந்தது. மாக்கஸ் கிழமை நாட்களில் பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்தான். சனி ஞாயிறில் மனைவியின் வான் சாரதியும் மின்சாரக்காரனும் அவன்தான்.

அதுவரை அவர்கள் செய்ததெல்லாம் தமிழ் ஆட்களின் கொண்டாட்டங்கள். முதன்முதலாக வெளியிலிருந்து வந்தவள் அஃபுவா. கானா நாட்டுப் பெற்றோருக்கு ரொறன்ரோவில் பிறந்த பெண். ஒரு மருத்துவமனையில் தாதியாக வேலை செய்தாள். கூட வேலை செய்யும் சிவானியின் கலியாணத்துக்குப் போனவள், மணவறையைப் பார்த்துவிட்டு அங்கேயே நிரோஷினியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனி மாதம் தனக்கும் குவாமே என்பவனுக்கும் திருமணம், மேடையை நீங்கள்தான் செய்து தரவேண்டும் என்றாள்.

பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். ஒரு பெரிய தாளில் வரிசை வரிசையாகக் கறுப்பு உருவங்கள். சுருண்ட கொம்புகள், நட்சத்திரம், பின்னால் திரும்பிப் பார்க்கும் பறவை, ஒரே வயிற்றைப் பங்குபோடும் இரண்டு முதலைகள். அடிங்க்ரா என்று பெயர். தன் அம்மாவின் ஆட்களான அக்கான் மக்கள் காலங்காலமாகத் துணியில் அச்சுக்குத்திவரும் சின்னங்கள் என்று அஃபுவா எழுதியிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் உண்டு, எல்லாம் எனக்கும் தெரியாது, எல்லாமே அழகுதான், மேடைக்குப் பொருத்தமானதை நீங்களே எடுங்கள், என்னிடம் காட்டவேண்டாம், அன்றைக்கு நான் வாயைப் பிளக்கவேண்டும் என்றும் எழுதியிருந்தாள்.

நிரோஷினி அந்தப் படத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு சமையலறையிலும் பார்த்தாள், பூசைக்குப் போன இடத்திலும் பார்த்தாள். ஒவ்வொரு உருவத்தின் வளைவும் அவளுக்குப் பாடமாகிவிட்டது. மேசைகளுக்குச் சின்னச் சின்னதாக வைக்க, கடவுளைக் குறிக்கும் சின்னத்தை எடுத்தாள். அது பிரபலமானது என்பதால் அஃபுவாவே அதன் பொருளைச் சொல்லியிருந்தாள். மேடைப் பின்சுவருக்குத்தான் உயரமான ஒன்று தேவைப்பட்டது. எட்டோபிக்கோ என்ற பகுதியில் அவர்கள் எடுத்த மண்டபத்தின் மேடை ஒடுக்கம், சுவர் நெட்டை. கொம்பும் நட்சத்திரமும் அங்கே நிற்காது. ஏணி நிற்கும். அளவெடுத்துத் தைத்தது போல நிற்கும்.

அப்படித்தான் பத்தடி உயரத்தில் ஒரு பொன்னிற ஏணி பிறந்தது. தடித்த ஃபோமில் வெட்டி, தங்கநிறம் அடித்து, மாக்கஸ் அதன்மேல் மின்குமிழ் மாலைகளும் பொருத்தினான்.

திருமண நாள் மத்தியானம் மண்டபத்தில் அதைச் சுவரோடு நிறுத்தி, மேல்விளக்குகளைக் குறைத்துவிட்டு மாலைகளை எரியவிட்டபோது, நிரோஷினிக்கே கண் கலங்கியது. இரண்டு பக்கமும் வெள்ளைத்துணி விழ, நடுவே ஏணி தகதகவென்று கூரையைத் தொட்டது.

"சோக்காயிருக்கு" என்றான் மாக்கஸ். அவன் வாயிலிருந்து அது எளிதில் வராத சொல்.

அந்த நேரத்தில்தான் மண்டபக் கதவு திறந்தது. பெரிய அலுமினியத் தட்டு ஒன்றைச் சுமந்துகொண்டு ஒரு அம்மா உள்ளே வந்தார். நீலமும் மஞ்சளுமாகத் தலைப்பாகை கட்டிய, உயரமான, அகன்ற தோள்களை உடைய பெண். அஃபுவாவின் பெரியம்மா சேர்வா. திருமணத்துக்காகவே குமாசியிலிருந்து வந்திருந்தார். அவரைப் பற்றி அஃபுவா முன்பே சொல்லியிருந்ததால், நிரோஷினி ஓடிப்போய்த் தட்டை வாங்கி, "வாங்கோ அன்ரி!" என்று தமிழில் சொல்லி, பிறகு ஆங்கிலத்துக்கு மாறினாள்.

அன்ரி என்ற சொல் அவருக்குப் புரிந்தது. சிரிக்க வாயெடுத்தவர், நிரோஷினியின் தலைக்கு மேலால் மேடையைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"யார் செத்துப்போனது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நிரோஷினிக்கு விளங்கவில்லை. "ஒருத்தரும் இல்லை, அன்ரி. எல்லாரும் சுகம்."

"அப்படியானால் அது ஏன் அங்கே நிற்கிறது?"

சேர்வா அன்ரி பக்கத்துக் கதிரையில் மெல்ல அமர்ந்து, விரலை நீட்டி விளக்கினார். அது ஒவூ அட்வெடியே. மரணத்தின் ஏணி. பணக்காரன், ஏழை, அரசன் என்று பாராமல் எல்லோரும் ஒருநாள் ஏறப்போகும் ஏணி. எங்கள் ஊரில் கறுப்பும் கடுஞ்சிவப்புமாகச் செத்தவீட்டுக்குக் கட்டும் துணியில் அதைக் குத்துவார்கள்.

நிரோஷினியின் கையிலிருந்த தட்டு சரிந்தது. மாக்கஸ் பாய்ந்து பிடித்திராவிட்டால் பொரித்த வாழைப்பழம் முழுதும் கம்பளத்தில் கொட்டுப்பட்டிருக்கும்.

"நான் கேட்டனானெல்லே! கருத்துக் கேட்டனியோ எண்டு கேட்டனானெல்லே!" என்றான் அவன்.

"கேட்டால் போதுமே? நீங்கள் ஒருக்காத் தேடிப் பாத்திருக்கலாம்தானே! கையிலை போன் இல்லையே?"

"ஏணிக்கு என்னப்பா கருத்து எண்டு சொன்னது ஆர்?"

"இப்ப உதைக் கதைச்சு என்ன பிரயோசனம்? சனம் வரப்போகுது!"

மொழி புரியாவிட்டாலும் சண்டை புரிந்துவிட்டது சேர்வா அன்ரிக்கு. நிரோஷினி அச்செடுத்துக்கொண்டு வந்து மேசையொன்றில் வைத்திருந்த அந்தப் படத்தாளை எடுத்து, ஒரு சின்னத்தில் விரலை வைத்தார். "இது பல்லும் நாக்கும். ஒரே வாய்க்குள் இருப்பவை. இடைக்கிடை கடிபடும், ஆனாலும் ஒன்றில்லாமல் மற்றதுக்கு வேலையில்லை." பிறகு இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "உங்கள் இரண்டு பேரையும் சுவரில் நிறுத்தியிருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது."

மாக்கஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிரோஷினிக்கு வரவில்லை. அவள் அன்ரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பகிடி சொன்ன பிறகும் அந்தக் கண்கள் ஏணியைவிட்டு இறங்கவில்லை.

"என் தங்கச்சியை அடக்கம் செய்த அன்று நான் கட்டியிருந்த துணியில் இதுதான் இருந்தது" என்றார் சேர்வா அன்ரி. "அஃபுவாவின் அம்மா. போன வருசத்துக்கு முதல் வருசம். அஃபுவாவுக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது, அவள் அன்று எதையும் பார்க்கிற நிலையில் இல்லை. ஆனால் மென்சாவுக்கு ஞாபகம் இருக்கும். அவள் அப்பா. அவரும் அன்று அதே துணிதான் கட்டியிருந்தார், அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மடித்து வைத்திருக்கிறார்."

நிரோஷினி அவருக்கு முன்னால் முழங்காலில் அமர்ந்துவிட்டாள். "அன்ரி, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கள்" என்றாள்.

"பிள்ளை, நீ ஒரு பிழையும் செய்யவில்லை. அழகாகத்தான் செய்திருக்கிறாய். அதுதான் தொல்லை, இவ்வளவு அழகான சாவை நான் கண்டதேயில்லை." அவர் அவளின் கன்னத்தைத் தட்டினார். "எழும்பு. இறக்குவோம்."

ஆனால் இறக்கினால் என்ன மிஞ்சும்? வெள்ளைத்துணிகளுக்கு நடுவில் ஒரு மொட்டைச் சுவர், அதில் ஒரு மின்பெட்டி, இரண்டு ஆணி ஓட்டை. துணியால் மூடலாம் என்றால் அவ்வளவு நீளத் துணி பிக்கரிங்கில்தான் கிடந்தது. சனிக்கிழமை மத்தியானம் நாலு-பூச்சிய-ஒன்று நெடுஞ்சாலையில் போய்த் திரும்பி வருவதென்றால், மாப்பிள்ளை பெண் கேக் வெட்டி முடிந்திருப்பார்கள்.

"முதல் லைற்றைக் கழட்டுவம்" என்று மாக்கஸ் மேடையில் ஏறினான்.

அவன் இரண்டு மாலைகளைப் பொருத்தியிருந்தான். ஒன்று நீளமானது. வயரை மிச்சம்பிடிக்க, அதைக் கீழேயிருந்து பாம்புபோல விட்டிருந்தான். இடப்பக்கக் காலில் கொஞ்சத் தூரம் ஏறி, படியால் குறுக்கே போய், வலப்பக்கத்தில் கொஞ்சம் ஏறி, அடுத்த படியால் திரும்பி இடப்பக்கம் வந்து, இப்படியே உச்சி வரைக்கும். அந்த மாலை தொடாமல் விட்ட துண்டுகளுக்கு மட்டும் இரண்டாவது மாலை. இரண்டும் சேர்ந்து எரியும்போதுதான் முழு ஏணி.

அவன் இரண்டாவது மாலையின் பிளக்கை இழுத்தான்.

அரை இருட்டில் ஏணி காணாமல் போனது. அது நின்ற இடத்தில் இடமும் வலமுமாக மடிந்து மடிந்து மேலே போகும் ஒற்றைக் கோடு ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

"நில்லுங்கோ!" நிரோஷினி கத்தினாள். "மற்றதைத் தொடாதேங்கோ!"

மாக்கஸ், கரண்ட் அடித்துவிட்டதாக்கும் என்று நினைத்து இரண்டு கையையும் தூக்கினான்.

அவள் படத்தாளைப் பறித்தெடுத்தாள். தேடவேண்டியிருக்கவில்லை. எத்தனையோ நாள் பார்த்த படம், விரல் தானாகப் போய் நின்றது. "அன்ரி, இது என்ன?"

சேர்வா அன்ரி தாளைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். எழுந்து நின்றார்.

"ன்சின்சிம்" என்றார். "வளைந்து வளைந்து போகிற வழி. வாழ்க்கை நேர்க்கோட்டில் போகாது, போகிறவர்கள் திரும்பத் தெரிந்தவர்களாக இருக்கவேண்டும் என்பதுதான் பொருள்."

இந்த முறை நிரோஷினி அவசரப்படவில்லை. "கலியாண வீட்டில் வைக்கலாமா? நல்ல வடிவாக யோசிச்சுச் சொல்லுங்கள்."

"வைக்கலாமாவா?" அன்ரி வாய்விட்டுச் சிரித்தார். மண்டபம் எதிரொலித்தது. "நான் நாற்பது வருசமாகக் கலியாணம் செய்து வாழ்கிறேன். கலியாணம் என்பதே அதுதான்!"

வேலை சின்னது. ஏணியின் இரண்டு கால்களிலும் விளக்கு எரியாத துண்டுகளை மட்டும் வெட்டி எடுத்துவிட்டால் போதும். ஆனால் வெட்டுவதற்குக் கையில் கருவி ஒன்றும் இல்லை. வாள் கராஜில். கத்தரிக்கோல் இந்தத் தடிப்புக்கு எடுபடாது. நிரோஷினி மண்டபத்துச் சமையலறைக்குள் ஓடி, பாண் வெட்டும் பல்லுக்கத்தியோடு திரும்பி வந்தாள்.

மூவரும் சேர்ந்து ஏணியை மேடையில் படுக்கவைத்தார்கள். சேர்வா அன்ரி தலைப்பாகையை இறுக்கிக்கொண்டு ஒரு முனையில் அமர்ந்து அமர்த்திப் பிடித்தார். நிரோஷினி அறுத்தாள். ஃபோம் கிறீச்சிட்டது. பனி போலத் துகள் பறந்து அவர்களுடைய உடுப்பெல்லாம் ஒட்டிக்கொண்டது. முதல் துண்டு கழன்றபோது அன்ரி ஒரு பாட்டை முணுமுணுக்கத் தொடங்கினார். மூன்றாவது துண்டில் மாக்கஸும் அந்த மெட்டுக்கு விசிலடித்தான்.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "என்ன நடக்கிறது இங்கே?"

சாம்பல்நிற உடுப்பில், மெலிந்த, நிமிர்ந்த ஒரு மனிதர் வாசலில் நின்றார். யார் என்று ஒருவரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. அன்ரியின் பாட்டு நின்றதே போதுமாக இருந்தது.

மென்சா மேடைக்கு நடந்து வந்தார். ஒரு பக்கம் இன்னும் ஏணியாகவே இருந்தது. படிகள், கால்கள், தங்கநிறம். அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம் நிரோஷினிக்கு மிக நீளமாக இருந்தது. கத்தியைக் கையில் பிடித்தபடி, நடந்ததை மறைக்காமல் சொன்னாள். நான்தான் தெரிவு செய்தேன், ஏறிப் போவது என்று நினைத்தேன், பொருள் தெரியாது, இப்போது வேறொன்றாக மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

"எதுவாக?" என்று கேட்டார் அவர்.

அவள் விரலால் காற்றில் மடிந்து மடிந்து ஒரு கோடு கீறிக் காட்டினாள்.

மென்சா ஏணியைப் பார்த்தார், அவளுடைய விரலைப் பார்த்தார், திரும்ப ஏணியைப் பார்த்தார். அவருடைய தோள்கள் மெல்லக் குலுங்கத் தொடங்கின. அழுகிறார் என்று நினைத்து மாக்கஸ் கதிரை எடுக்கப் போனான். அவர் அழவில்லை. சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு சத்தத்தோடு சிரித்தார்.

"என் மனைவிக்கு மட்டும் இது தெரிந்திருந்தால்," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஊர் முழுக்கத் தொலைபேசி எடுத்துச் சொல்லியிருப்பாள். சேர்வா, மகளின் கலியாணத்தில் சாவின் ஏணிக்கு லைற் போட்டிருக்கிறார்களாம் என்று!"

"எனக்குத்தான் முதல் எடுத்திருப்பாள்" என்றார் சேர்வா அன்ரி.

மென்சா கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார். சட்டைக்கையை மடித்தார். "அந்தக் கத்தியைத் தாருங்கள்."

மிச்சத் துண்டுகளை அவர்தான் அறுத்தார். அவசரமில்லாமல், ஒவ்வொன்றையும் நேராக. கடைசித் துண்டு கழன்று விழுந்தபோது அதைக் காலால் மேடைக்குக் கீழே தள்ளிவிட்டு, "போ" என்றார், வாசலுக்கு வந்த பூனையைக் கலைப்பது போல.

இனி அது தானாக நிற்காது. கால்கள் போனதால் தொய்ந்தது. பேசாலைக் கடற்கரையில் வளர்ந்த மாக்கஸ் எந்த வேலைக்குப் போனாலும் கருவிப்பெட்டிக்குள் மீன்பிடிக்கும் தங்கூசி நூல் ஒரு சுருள் வைத்திருப்பான். மடிப்புக்கு மடிப்பு அதைக் கட்டிக் கூரைக் கம்பியில் தொங்கவிட்டான். வெட்டிய முனைகள் வெள்ளையாகப் பல்லிளித்தன. சேர்வா அன்ரி தன் பையைத் துழாவி, மஞ்சளும் பச்சையும் சிவப்புமாக நெய்த கென்ரே துணிப் பட்டி ஒன்றை எடுத்தார். குமாசியில் சம்பந்திகளுக்கென்று வாங்கியது. நிரோஷினி வேண்டாம் என்று தடுப்பதற்குள் துண்டு துண்டாக வெட்டிவிட்டார். ஒவ்வொரு முனையிலும் ஒரு துண்டைச் சுற்றிக் கட்டியபோது, அது ஆரம்பத்திலிருந்தே அப்படித் திட்டமிட்டுச் செய்தது போலத் தோன்றியது.

பின்னேரம் மண்டபம் நிரம்பியது. மேளக்காரர்கள் முன்னே வர, அஃபுவாவும் குவாமேயும் ஆடிக்கொண்டே உள்ளே வந்தார்கள். மேடையைக் கண்டதும் அஃபுவா நின்றாள். சொன்னபடியே வாயைப் பிளந்தாள். நடுவழியில் மாப்பிள்ளையின் கையை விட்டுவிட்டு ஓடிவந்து நிரோஷினியைக் கட்டிப்பிடித்ததில் அவளுடைய முகத்திரை நிரோஷினியின் தோட்டில் சிக்கிக்கொண்டது. அதைக் கழற்ற மூன்று பேர் வேண்டியிருந்தது.

"இது என்ன சின்னம்?" என்று அவள் காதோடு கேட்டாள்.

"அப்பாட்டைக் கேளும்" என்று நிரோஷினி தமிழிலேயே சொல்லிவிட்டாள். பதற்றத்தில் ஆங்கிலம் வரவில்லை. ஆனால் அப்பா என்ற சொல் போதுமாக இருந்தது.

மென்சா அதைத் தன் உரையில் சொன்னார். ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, அமைதியான குரலில், "இன்று மத்தியானம் இந்த இடத்தில் ஒவூ அட்வெடியே நின்றது" என்று தொடங்கினார். கானா மேசைகளில் எல்லாம் கரண்டிகள் நின்றன. ஒரு கிழவர் நெஞ்சில் சிலுவை அடையாளம் இட்டார். பின்பக்கத்தில் நின்ற நிரோஷினி மாக்கஸின் கையைக் கிள்ளி, "வாங்கோ, வானுக்குப் போவம்" என்றாள்.

"நில்லடியப்பா" என்றான் அவன். "உதைக் கேக்காமல் எங்கை போறது?"

மென்சா எல்லாவற்றையும் சொன்னார். ஏணியை, பாண்கத்தியை, சேர்வா அன்ரி அதன்மேல் குந்தியிருந்ததை. சிரிப்பு ஒரு மேசையில் தொடங்கி மண்டபம் முழுக்கப் பரவியது. பிறகு அவர் மகளைப் பார்த்தார்.

"உன் அம்மா போன பிறகு நான் அந்த ஏணியை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அஃபுவா. கூப்பிட்ட இடங்களுக்கும் போகவில்லை. இன்றைக்கு அதை என் கையாலேயே வெட்டினேன். நல்ல சுகமாக இருந்தது. நீங்கள் இரண்டு பேரும் போகிற வழி வளையும். வளையட்டும். வளைகிற இடத்தில் எல்லாம் நான் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவேன்."

அஃபுவா அழுதுகொண்டே சிரித்தாள். குவாமே எழுந்து மாமனாரைத் தூக்கிவிட்டான், நிலத்திலிருந்து ஒரு அடி உயரத்துக்கு. சனம் ஆர்ப்பரித்தது. "அந்தப் பிள்ளை எங்கே? ஏணிக்காரி எங்கே?" என்று யாரோ கேட்க, சேர்வா அன்ரி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து நிரோஷினியை இழுத்துப்போய் நடுவில் விட்டார். கைதட்டல் அடங்க நெடுநேரம் பிடித்தது. இன்னும் ஃபோம் துகள் ஒட்டிய சுரிதாரோடு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல், அவள் இரண்டு கையாலும் கும்பிட்டாள்.

மேளம் மாறியது. அன்ரி தன் இடுப்புத்துணி ஒன்றை அவிழ்த்து நிரோஷினியின் இடுப்பில் கட்டிவிட்டு, முழங்காலை எப்படி மடிப்பது, கையை எப்படி உருட்டுவது என்று ஆடிக் காட்டினார். நிரோஷினி இரண்டே சுற்றில் பிடித்துக்கொண்டாள்.

பதினாறு வருசக் கலியாண வாழ்க்கையில் மாக்கஸ் எந்த மேடைக்கு முன்னாலும் ஆடியதில்லை. லைற்றைப் பார்க்கவேணும், வயரைப் பார்க்கவேணும் என்று ஏதாவது சாட்டுச் சொல்லுவான். அன்றும் சொன்னான். மென்சா அதைக் காதில் வாங்காமல் அவனுடைய கையிலிருந்த பழரசக் கோப்பையை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, தோளைப் பிடித்து உள்ளே தள்ளினார்.

அவன் தாளத்துக்கு முழுவதும் எதிராக ஆடினான். பார்த்தவர்கள் அது ஏதோ தமிழ் ஆட்டம் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் ஒரு மேசைச் சனம் முழுக்க அவனைப் பார்த்து அப்படியே ஆடிக்கொண்டிருந்தது.